ஹெரால்டு ஹார்னுக்கு ஒரு பிராது

எங்க வூட்டுக்காரரு பேரு சக்கரபாணி. விருத்தாசலம் ஜங்ஷன்ல எறங்கி "சக்கரபாணி வூடு எங்க"ன்னு கேட்டீங்கன்னா, "எந்த சக்கரபாணி"ன்னு திருப்பிக் கேப்பாங்க. "ஹார்னு சக்கரபாணி"ன்னு சொல்லிப் பாருங்க. ஆட்டோக்காரன் அட்ரஸு கூட கேக்காம எங்க வாசல்ல கொண்டாந்து வுட்டுட்டுப் போவான். இந்தப் பட்டத்தை யாரும் மாலை போட்டுக் கொடுக்கலை. காதுவலி தாங்காம தெருக்காரங்க வெச்சது.

அவருகிட்ட பழைய ஹெரால்டு காரு ஒண்ணு இருக்குது. கறுப்பு நிறம். அந்தக் காலத்துல மெட்ராஸ்ல செஞ்சது. பெண்ணாடத்துல வேலை பார்த்த ஒரு ஆபீசரு மாத்தலாகிப் போவும்போது இவருகிட்ட வித்துட்டுப் போனாரு. அவரு தங்கமான மனுசன்னு இவரு இன்னிக்கும் சொல்லுவாரு. தங்கமான மனுசன் இப்படி ஒரு தலைவலியை இன்னொருத்தர் தலையில கட்டிட்டு ரயிலேறுவானான்னு நான் கேப்பேன்.

வண்டி வந்த நாள்லேருந்து இவரு வாய்க்கு வேலை கொறைஞ்சு போச்சு. வாசல்ல வந்து ஒரு தடவை அமுக்கினா, கேட்டைத் தொறன்னு அர்த்தம். ரெண்டு தடவை அமுக்கினா, தொறந்துட்டு அப்படியே டீயைப் போடுன்னு அர்த்தம். நீட்டி அமுக்கினா, எவனோ வியாபாரத்துல வம்பு பண்ணிட்டான், இன்னிக்கு என்கிட்ட வாயைக் கொடுக்காதேன்னு அர்த்தம். கலியாணமான புதுசுல செல்வநாயகின்னு வாய் நெறைய கூப்பிட்ட மனுசன்தான். இப்ப அந்தப் பேரு ரேஷன் கார்டுல மட்டும்தான் இருக்குது. ஒருதரம் என் தம்பிகிட்ட அநியாயத்துக்குச் சண்டை போட்டாரு. மறுநாள் அவன் வூட்டு வாசல்ல போயி ரெண்டு அமுக்கு அமுக்கிட்டு வந்து, "மன்னிப்பு கேட்டாச்சு"ன்னாரு. ஐஸ்காரன் வந்திருக்கான்னு நெனைச்சு அவன் கதவையே தொறக்கலியாம்.

தொழிலு பீங்கான். ஊருக்கு வெளிய ஒரு செராமிக் கொட்டாய் வெச்சிருக்காரு. மீட்டர் பொட்டியில இருக்குமே வெள்ளை பீஸ் கட்டை, கரண்டு கம்பத்துல கவுத்து வெச்ச மாதிரி இருக்குமே கப்பு, அதெல்லாம் செஞ்சு சூளையில சுட்டு வெளியூருக்கு அனுப்புறாரு. கடைக்காரங்ககிட்ட சரக்கைக் காட்டும்போது சொல்றதுக்குன்னு ஒரு வசனம் வெச்சிருக்காரு. "அண்ணே, இடியே எறங்கினாலும் நம்ம கட்டையைத் தாண்டி ஒரு பொட்டு கரண்டு போவாது." தூக்கத்துல தட்டி எழுப்பினாலும் இதைத்தான் சொல்லுவாரு. நான் பார்த்திருக்கேன்.

இரும்பு துருப்புடிக்கும், பீங்கான் துருப்புடிக்காது. அவரு படிச்ச வேதம் அவ்ளோதான். எங்க வூட்டுல கதவுக் குமிழு பீங்கான், ஜன்னல் திரை வளையம் பீங்கான், அருவாமனைக்குக் கூட பீங்கான்ல கட்டை போட்டுக் கொடுத்தாரு, அது ஒரு பூசணிக்காய்க்கே ரெண்டாப் போச்சு. துணி காயப்போடுற கம்பியோட ரெண்டு முனையிலயும் கரண்டு கப்பு மாட்டி வெச்சிருக்காரு. அதுல என் புடவை காயறதைப் பார்த்துட்டு கரண்டு ஆபீஸ் லைன்மேன் அப்படியே வாயைப் பொளந்துக்கிட்டு நின்னுட்டாரு. காருக்குள்ளயும் அதே கூத்துதான். கியர் குமிழுலேருந்து ஜன்னல் சுத்துற பிடி வரைக்கும் எல்லாம் எங்க சூளையில வெந்தது.

இவருக்குக் கூட்டாளின்னா ஒரே ஆளுதான். பின்னாடி தெரு முஸ்தபா அண்ணன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல வண்டிங்களுக்கு ஒயரிங் பண்ற கடை வெச்சிருக்காரு. ரெண்டு பேரும் பள்ளிக்கூடத்துல ஒண்ணா ஃபெயிலானவங்க. வீம்புல ஒருத்தருக்கு ஒருத்தரு கொஞ்சமும் சளைச்சவங்க இல்லை.

முஸ்தபா அண்ணன் துபாய்ல இருந்தப்ப அவரு சம்சாரம் சுல்தானாவுக்கு வலி எடுத்துடுச்சு. நல்ல மழை. ஆட்டோ எதுவும் வரலை. இவருதான் ஹெரால்டுல தூக்கிப் போட்டுக்கிட்டு, தெருவுல தண்ணி இருந்தா என்ன, மாடு படுத்திருந்தா என்னன்னு ஹார்னை அமுக்கின கையை எடுக்காம ஆஸ்பத்திரிக்குப் போனாரு. யாஸ்மின் பொறந்தா. எங்களுக்குப் புள்ளை இல்லை. அந்தக் கொறை எனக்கு இருந்துச்சு, இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணு நடக்கத் தெரிஞ்ச நாள்லேருந்து சந்து வழியா ஓடியாந்து எங்க வூட்டுலதான் கெடக்கும். பெரியப்பா, பெரியம்மான்னுதான் கூப்பிடும். ஹார்னு சத்தம் கேட்டா போதும், தின்னுக்கிட்டு இருக்கறதை அப்படியே போட்டுட்டு வாசலுக்கு ஓடும்.

அந்த யாஸ்மினுக்குக் கலியாணம் நிச்சயமாச்சு. மாப்பிள்ளை திட்டக்குடி, வேலை மஸ்கட்ல. "யாஸ்மின் மண்டபத்துக்குப் போறது என் வண்டியிலதான். வேற எவன் காரும் இந்தத் தெருவுக்குள்ள நொழையக் கூடாது"ன்னு இவரு சொல்லிட்டாரு. முஸ்தபா அண்ணனும், "உன் வண்டி வழியில நின்னா நீதான்டா தள்ளணும்"னு சொல்லி ஒத்துக்கிட்டாரு.

வந்துச்சு வெனை. கலியாணத்துக்கு வண்டியை ஜோடிக்கணும்னு ஒரு ஞாயித்துக்கிழமை காலையில இவரு ஹார்னைக் கழட்டினாரு, துடைச்சாரு, பெயிண்ட் அடிச்சாரு, திரும்ப மாட்டினாரு. சாயங்காலம் முஸ்தபா அண்ணன் வந்து, ஹார்னுக்குப் போற பழைய ஒயரு நொந்து போயிருக்குன்னு புது ஒயரு இழுத்துக் கொடுத்தாரு. வேலையெல்லாம் முடிஞ்சு இவரு ஏறி ஒக்காந்து, மகாராஜா மாதிரி ஒரு அமுக்கு அமுக்கினாரு.

சத்தமே இல்லை.

மறுபடி அமுக்கினாரு. வூட்டுக்குள்ள நான் சுட்ட அப்பளம் நொறுங்குற சத்தம் கேட்டுச்சு, ஹார்னு சத்தம் கேக்கலை.

முஸ்தபா அண்ணன் பேட்டரியைப் பார்த்தாரு. லைட்டு பளிச்சுன்னு எரியுது. பீஸைப் பார்த்தாரு. நல்லா இருக்குது. ஸ்டீயரிங்ல அமுக்குற குமிழைக் கழட்டி, உள்ள இருக்கற பித்தளையை உப்புத்தாளு போட்டுத் தேய்ச்சாரு. ஹார்னு வரைக்கும் கரண்டு வருதான்னு டெஸ்ட் பல்பு வெச்சுப் பார்த்தாரு. வருது. கடைசியில ஹார்னைக் கழட்டிக் கடைக்கு எடுத்துக்கிட்டுப் போயி பேட்டரியில நேரா வெச்சாரு. அங்க என்னடான்னா பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பாக்கற மாதிரி கத்துது. எடுத்தாந்து வண்டியில மாட்டினா கம்முன்னு கெடக்குது.

"உன் கடையில கத்துது, என் வண்டியில கத்தலைன்னா என்னடா அர்த்தம்? நீ போட்ட ஒயருதான் தப்பு"ன்னாரு இவரு.

"ஒயரு தப்பா இருந்தா பல்பு எப்படிடா எரியும்? உன் வண்டி செத்துப்போச்சு. பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்கு"ன்னாரு அவரு.

செத்துப்போச்சுன்னு சொன்னதும் இவருக்கு வந்துச்சே கோவம்! "காலையில வரைக்கும் நல்லா இருந்த ஹார்னு, நீ கையை வெச்சதும் வாயை மூடிக்கிச்சு. தொழில் தெரியாதவனை வண்டியைத் தொட வுட்டது என் தப்பு"ன்னு தெருவே கேக்கற மாதிரி கத்தினாரு. முஸ்தபா அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைச் சட்டைப் பையில சொருகிக்கிட்டு, "வரேன் தங்கச்சி"ன்னு என்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு.

அப்புறம் இவரு சும்மா இருந்தாரா? மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயில்ல பிராது கட்டறேன்னு கெளம்பிட்டாரு. எங்க பக்கத்துல இது ஒரு வழக்கம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போற மாதிரி சாமிகிட்ட போயி, இன்ன மாதிரி அநியாயம் நடந்துபோச்சு, நீதான் கேக்கணும்னு எழுதிக் கொடுத்துட்டு வருவாங்க. நகை காணாம போனவங்க கொடுப்பாங்க, குடும்பம் பிரிஞ்சவங்க கொடுப்பாங்க. ஹார்னு அடிக்கலைன்னு கொடுத்தது எனக்குத் தெரிஞ்சு எங்க வூட்டுக்காரரு ஒருத்தருதான்.

நாலு வரி எழுதினா போதாதா? ஒயரோட நிறம் மொதக்கொண்டு எழுதி, பக்கம் போதாம மார்ஜின்லயும் எழுதினாரு. கடைசியில, "என் ஹார்னோட வாயைக் கட்டினவன் எவனோ, அவன் வாயையும் நீ கட்டிப் போடணும்"னு முடிச்சிருந்தாரு.

படிச்சுப் பார்த்துட்டு, "பேரு எழுதலியே"ன்னேன்.

"சாமிக்குத் தெரியும்"னாரு. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. அந்தப் பேரை எழுதக் கை வரலை, அதான் விஷயம். அந்த மட்டும் மனசுல ஈரம் இருக்குதேன்னு நெனைச்சுக்கிட்டேன். ஆனா பிராதைக் கட்டிட்டுத்தான் வந்தாரு.

கலியாணப் பத்திரிகை வைக்க சுல்தானா வந்தா. இவரு உள்ளாற போயி பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டாரு. சுல்தானா போற வரைக்கும் குழாயைத் தொறந்து வுட்டுக்கிட்டே இருந்தாரு, டேங்க்குத் தண்ணி காலி. சுல்தானா என் கையைப் புடிச்சுக்கிட்டு, "அக்கா, யாஸ்மினுக்கு வாடகைக் காரு சொல்லிட்டாங்க. அது ரூம்புல ஒக்காந்து அழுவுது. நீயாவது வந்துடு"ன்னா. புருசனை வுட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போவேன்? போவாமதான் எப்படி இருப்பேன்? அந்தப் பொண்ணுக்கு மொத மொத தலை வாரி வுட்டவ நான். அன்னிக்கு ராத்திரி சோத்தைத் தட்டுல ணங்குன்னு வெச்சேன். "என்ன, சத்தமா வைக்கற?"ன்னாரு. "வூட்டுல ஏதாவது ஒண்ணு சத்தம் போட வேணாமா?"ன்னேன்.

அதுலேருந்து அவரே ரிப்பேரு பார்க்க ஆரம்பிச்சாரு. ஹெரால்டுக்கு முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரி தொறக்கும். அதைத் தொறந்து வெச்சுக்கிட்டு, கொட்டாயில சரக்கு வேவுதா கருகுதான்னு கூட பார்க்காம, அமுக்குறதும் எறங்கறதும் பார்க்கறதும் ஏறி அமுக்குறதுமா இருந்தாரு. முஸ்தபா அண்ணன் போட்ட ஒயரைப் புடுங்கிட்டு வேற ஒயரு போட்டாரு. அப்பவும் கத்தலை. ஒயரு மேல தப்பில்லைன்னு அப்பவாவது புரியணும்ல? "அவன் தொட்ட தோஷம்"னாரு.

கலியாணத்துக்கு மொத நாளு மத்தியானம். கொட்டாய்க்குச் சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போனேன். இவரு டிரைவர் சீட்டுல ஒக்காந்து, உயிரே போன மாதிரி முகத்தை வெச்சுக்கிட்டு ஹார்னை அமுக்கி அமுக்கி வுட்டுக்கிட்டு இருக்காரு. எனக்குக் கை வலி. எவர்சில்வர் கேரியரை, தொறந்து கெடந்த முன்பக்கத்துல, ஹார்னு பக்கத்துலயே தொம்முன்னு வெச்சேன்.

பேஏஏஏன்னு ஒரு சத்தம்! பக்கத்துக் கொட்டாயில அச்சு வெச்சுக்கிட்டிருந்த பொம்பளைங்க எழுந்து ஓடியாந்துட்டாங்க. நான் அலறி அடிச்சுக்கிட்டு கேரியரைத் தூக்கினேன். சத்தம் நின்னுபோச்சு.

இவரு எறங்கி ஓடியாந்தாரு. "கொளஞ்சியப்பா! கேட்டுட்டியா!"ன்னு கையைத் தூக்கிக் கும்புட்டாரு. "இன்னிக்கு என்ன கொழம்பு?"ன்னு என்கிட்ட கேட்டாரு. கொழம்புக்கும் ஹார்னுக்கும் என்னய்யா சம்பந்தம்!

"போயி அமுக்குங்க"ன்னேன். கேரியரை வெச்சேன், கத்துச்சு. எடுத்தேன், நின்னுச்சு. குனிஞ்சு பார்த்தேன். கேரியரோட கொக்கி ஹார்னு நட்டு மேல பட்டுக்கிட்டு இருக்குது, அடித்தட்டு பெயிண்ட் உரிஞ்ச வண்டி இரும்பு மேல ஒக்காந்திருக்குது.

"என்னங்க, இந்த நட்டு வண்டி இரும்புலதானே முடுக்கி இருக்குது? அப்புறம் எதுக்கு அதுக்கு என் கேரியரு?"

இவரு நட்டுக்கு அடியில இருக்கற வாஷரைப் பார்த்தாரு. பார்த்துக்கிட்டே நின்னாரு. முகம் வேவாத பச்சை மண்ணு மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் வாய்க்குள்ளயே, அவரு கடை கடையா சொல்ற வசனத்தைச் சொன்னாரு. "நம்ம கட்டையைத் தாண்டி ஒரு பொட்டு கரண்டு போவாது."

விஷயம் இதுதான். அந்த ஹார்னுக்கு ஒரே ஒயருதான். கரண்டு ஒயருல வந்து, ஹார்னு வழியா, போல்ட்டு வழியா வண்டி இரும்புல எறங்கணும். அப்பதான் கத்தும். அந்த ஞாயித்துக்கிழமை காலையில இவரு என்ன பண்ணிருக்காரு? ஹார்னைத் திரும்ப மாட்டும்போது, துருப்புடிக்கற இரும்பு வாஷரைத் தூக்கிப் போட்டுட்டு, சொந்தச் சூளையில சுட்ட பீங்கான் வாஷரைப் போட்டிருக்காரு. போல்ட்டைச் சுத்தியும் ஒரு பீங்கான் குழாயி. வெள்ளையா தெரிஞ்சா அசிங்கம்னு மேல கறுப்பு கிளேஸ் பூச்சு வேற. முஸ்தபா அண்ணன் கண்ணுக்கு அது இரும்பு. இவரு கண்ணுக்கு அது அழகு. கரண்டைத் தடுக்கறதே தொழிலா வெச்சிருக்கற மனுசன், தன் ஹார்னுக்குப் போற கரண்டைத் தானே தடுத்துட்டு, சாமிகிட்ட போயி பிராது கொடுத்திருக்காரு!

நான் சிரிச்சேன். வயிறு வலிக்கச் சிரிச்சேன். ஆனா இவரு தொண்டையைத் தடவிக்கிட்டாரு. அப்பதான் எனக்கும் உறைச்சுது. ஹார்னோட வாயைக் கட்டினவன் வாயைக் கட்டிப் போடணும்னுதானே எழுதிக் கொடுத்தாரு? பேரு கூட எழுதலை. சாமிக்குத் தெரியும்னு வேற சொன்னாரு.

அதுலேருந்து பேச்சு நின்னுபோச்சு. எது கேட்டாலும் கை ஜாடைதான். வெந்நீரைக் குடிச்சுக்கிட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு நாக்கை நீட்டிப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. சாயங்காலமே கோயிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். பிராது கொடுத்தா, காரியம் முடிஞ்சதும் வாபஸ் வாங்கணும், அதுதான் முறை. குருக்கள், "எதிராளி யாருன்னு தெரிஞ்சுதுங்களா?"ன்னு கேட்டாரு. இவரு வாயைத் தொறக்காம நெஞ்சைத் தொட்டுக் காட்டினாரு. குருக்கள் பதறிப்போயி, "நெஞ்சு வலியா? தண்ணி கொண்டாங்க!"ன்னாரு. "அதெல்லாம் இல்லீங்க சாமி, எதிராளியே இவருதான்"னு நான்தான் சொன்னேன்.

வெளிய வந்ததும் இவருக்குக் குரல் வந்துடுச்சு. "அப்பாடா, சாமிகிட்டயே சொல்லியாச்சு. கணக்கு முடிஞ்சுது"ன்னாரு.

"முஸ்தபா அண்ணன்கிட்ட?"

"நாளைக்குக் காலையில அவன் வாசல்ல போயி மூணு தடவை அமுக்கறேன். அவனுக்குப் புரியும்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "தொழில் தெரியாதவன்னு சொன்னப்ப மட்டும் வாயால சொன்னீங்க இல்ல? நாளைக்கு ஹார்னை அமுக்கினீங்க, நான் வண்டியை வுட்டு எறங்கி நடந்தே போயிடுவேன்"னேன்.

மறுநாள் காலையில வாஷரையெல்லாம் மாத்தி, வண்டிக்குப் பூ சுத்தி, பின்னாடி தெருவுக்குப் போனோம். முஸ்தபா அண்ணன் வூட்டு வாசல்ல வாடகைக் காரு நிக்குது. வெள்ளை வெளேருன்னு, ரோஜாப்பூ ஒட்டி. கேட்டு சாத்தியிருக்குது. இவரு வண்டியை நிறுத்தினாரு. கை தானா ஹார்னு மேல போச்சு. நான் கதவுப் பிடியில கையை மட்டும் வெச்சேன்.

கையை எடுத்துட்டு எறங்கினாரு. கேட்டு முன்னாடி போயி நின்னாரு. கம்பியைப் புடிச்சாரு, வுட்டாரு, வேட்டியைச் சரி பண்ணாரு. பாக்கவே பாவமா இருந்துச்சு. கடைசியில, "முஸ்தபா"ன்னாரு. பூனை கத்தின மாதிரி இருந்துச்சு. இன்னொருதரம் கூப்பிட்டாரு.

முஸ்தபா அண்ணன் புதுச் சட்டையில, கையில அத்தரு பாட்டிலோட வந்தாரு. கேட்டைத் தொறக்கலை. "என்ன வேணும்?"

"நான்தான்டா."

"தெரியுது. என்ன வேணும்னுதான் கேக்கறேன்."

"ஹார்னைக் கெடுத்தது நான்தான்டா. உன் ஒயரு நல்ல ஒயரு."

"கேக்கலை. அன்னிக்குத் தெருவே கேக்கற மாதிரி பேசுனல்ல? அதே சத்தத்துல சொல்லு."

இவரு என்னைத் திரும்பிப் பார்த்தாரு. நான் வேற பக்கம் பார்த்தேன். அப்புறம் சொன்னாரு பாருங்க. ஹார்னு தோத்துச்சு. "தப்பு என்னோடதுதான்! பீங்கான் வாஷரு போட்டவன் நான்! உனக்குத் தொழில் தெரியாதுன்னு சொன்னது என் வாய்க்கொழுப்பு! என்னை மன்னிச்சுடுடா!" எதுத்த வூட்டு மாடியில நாலு பேரு எட்டிப் பார்த்தாங்க. கலியாணத்துக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாம் வாசலுக்கு வந்துட்டாங்க.

சட்டைப் பையிலேருந்து அந்தக் கறுப்பு வாஷரை எடுத்து கேட்டுக் கம்பி வழியா நீட்டினாரு. முஸ்தபா அண்ணன் வாங்கி, நகத்தால சுரண்டிப் பார்த்தாரு. வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தாரு.

"இதுவாடா? நான் இரும்புன்னுல்ல நெனைச்சேன்." இன்னொருதரம் திருப்பிப் பார்த்துட்டு, "கிளேஸ் நல்லாத்தான் வந்திருக்குது, பாவி"ன்னு சொல்லிட்டுக் கேட்டைத் தொறந்தாரு.

வாடகைக் காருல சொந்தக்காரங்க ஏறினாங்க. யாஸ்மின் மருதாணிக் கையோட, கண்ணெல்லாம் கலங்கிப்போயி, ஹெரால்டு பின்சீட்டுல வந்து என் பக்கத்துல ஒக்காந்தா. "காலையிலேருந்து காதைத் தீட்டிக்கிட்டே இருந்தேன் பெரியப்பா. நீங்க வந்து ஹார்னு அடிப்பீங்க, அடிப்பீங்கன்னு. ஏன் அடிக்கலை?"ன்னு கேட்டா.

இவருக்கு இப்ப நெஜமாவே பேச்சு வரலை. மேல்துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, கையை ஹார்னு மேல வெச்சவருதான். மண்டபத்து வாசல் வரைக்கும் எடுக்கலை. கடைத்தெருவே காதைப் பொத்திக்கிட்டு நின்னுச்சு. யாரும் பிராது கொடுக்கலை.